சிக்னலில் எமன்

ஒட்டுமீசையின் இடது முனை மறுபடியும் கழன்றது. தணிகாசலம் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிவப்பு விழக் காத்திருந்தார். எமனுக்கு மீசை விழலாமா, விழக் கூடாது, விழுந்தால் சிரிப்பார்கள், சிரித்தால் என்ன, சிரிக்கத்தானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆற்காட்டுக்குள் நுழையும் அந்த நாற்சந்தியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தை மாத வெயிலுக்கு இவ்வளவு உறைப்பு ஆகாதுதான். ஆனால் தலையில் அட்டைக் கிரீடம், உடம்பில் கறுப்பு வெல்வெட் அங்கி, முகத்தில் நீலச் சாயம், ஒரு கையில் பிளாஸ்டிக் கதாயுதம், மறு கையில் மாட்டுக் கயிற்றில் சுருக்குப் போட்டுச் செய்த பாசக்கயிறு என்று இத்தனையையும் சுமந்து நிற்கிறவனுக்குத் தையும் சித்திரையும் ஒன்றுதான். கை வலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். கை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே உடம்பு இப்படித்தான், கேட்டால் பதில் சொல்வதில்லை. காலையில் கொதிக்கக் கொதிக்கக் காபியைக் குடித்துவிடுகிறது, நாக்கு வெந்து போயிருப்பது சாயங்காலம்தான் தெரிகிறது. சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் போக்குவரத்துப் போலீசுக்கு ஒரு எமன் வேண்டும். தணிகாசலம் ஊர்க்காவல் படையில் இருப்பவர், மற்ற நாளில் கடைத்தெருவில் மாவு மில் ஓட்டுகிறவர். உயரமும் வயிறும் பொருத்தமாக அமைந்த ஆள் என்று மூன்று வருசத்துக்கு முன் யாரோ கையைக் காட்டப்போய் எமன் ஆனார், ஆனது ஆனதுதான். வேலை சுலபம். சிவப்பு விழுந்ததும் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே புக வேண்டும். ஹெல்மெட் இல்லாத தலையாகப் பார்த்துக் கழுத்தில் கயிற்றைப் போட்டு, மானிடா, உன் ஆயுள் முடிந்தது, வா என்னோடு என்று சொல்ல வேண்டும். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் எமனே தன் கையால் ஒரு புது ஹெல்மெட்டை அந்தத் தலையில் மாட்டி அனுப்பிவைப்பார். ஊர்க் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டுகள் ஓரத்தில் மேசைமேல் அடுக்கியிருந்தன. ஏற்கனவே போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பெண் காவலர் ஒருத்தி சாக்லேட் கொடுப்பாள். தலையில் இருந்தால் சாக்லேட், இல்லாவிட்டால் கயிறு, இவ்வளவுதான் இந்தச் சந்தியின் சட்டம்.

சிவப்பு விழுந்தது. தணிகாசலம் இறங்கி நடந்தார். முன்வரிசையில் ஒரு பையன், இருபது வயசுக்குள், ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு வந்திருந்தான். எமனைப் பார்த்ததும் அவனே கழுத்தை நீட்டினான், செல்போனை உயர்த்திப் பிடித்தான். கயிற்றைப் போட்டார். மானிடா, உன் ஆயுள். புதிதாகக் கத்திரி வைத்த பிடரி, மயிர்க்கால்கள் குத்துகிற மாதிரி நின்றன, விரல் பட்டதும் கொஞ்சம் வியர்வை. முடிந்தது, வா என்னோடு. விரலுக்கு இன்னொரு பிடரி ஞாபகம் வந்தது. விரலுக்கு வந்தது, தணிகாசலத்துக்கு வரவில்லை. எஸ்.ஐ. தாமோதரன் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, "முறைக்கணும் தணிகாசலம், நீங்க இன்னாமோ ரேசன் கடை க்யூவுல நிக்கிற மாதிரி பாக்கறீங்க. பயப்படணும் அவங்க," என்றார். நல்ல மனுசன். போன வாரம் போனில் எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டார், "உங்களால முடியுமா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா" என்று. வேற ஆளைப் பாருங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டார், அவருக்குத்தான் தெரியுமே, ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஒரு மௌனம் வரும், அந்த மௌனத்துக்கு இவர் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். "இருக்கட்டும் சார், நானே வரேன்" என்பது சின்ன வாக்கியமாக இருந்தது. அதனால் அதைச் சொன்னார். முறைத்துப் பார்த்தார். பையன் படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தரம் கழுத்தை நீட்டினான்.

முதல் வருசம் இந்த மீசையை ஒட்டிவிட்டவன் லோகுதான். லோகநாதன், ஒரே பிள்ளை, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மூஞ்சியை ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க என்று அதட்டிக்கொண்டே பசை தடவினான். கனகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று யோசித்தார். முந்தானை ஞாபகம் வந்தது, மஞ்சள் கரை, சிரிப்பு வரவில்லை. லோகு போட்டோ பிடித்து, எங்கப்பா எமதர்மன் என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டான். கம்பெனி முழுக்க அதற்கப்புறம் அவனுக்கு எமன் மகன் என்றே பேர். அதில் அவனுக்குப் பெருமை வேறு. வண்டியை மெதுவாக ஓட்டு என்று கனகா சொல்லும்போதெல்லாம், "எமன் வூட்டுப் புள்ளம்மா நான், என்னை எவன் வந்து புடிப்பான்?" என்பான். கனகா அவன் முதுகில் ஒன்று வைப்பாள். தணிகாசலமும் சிரித்திருக்கிறார். சிரித்தது தப்பா. அந்த நேரத்தில் அது சிரிப்பு வருகிற பேச்சுதான், இப்போது எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது, எல்லாப் பேச்சும் இப்போது எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது, வரும்போது முட்டை வாங்கிட்டு வா என்று சொன்னதுகூட. பச்சை விழுந்தது. வண்டிகள் அங்கியின் ஓரத்தை உரசிக்கொண்டு போயின. ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து குழந்தை ஒன்று எமனைப் பார்த்து வீறிட்டு அழுதது, அதன் அம்மா பேசாம இரு, சும்மா வேசம்டா என்று சொன்னது கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது.

ஹெல்மெட் போட்டிருந்தானே. இதுதான் இடம், இங்கேதான் ஒவ்வொரு தரமும் வந்து மாட்டிக்கொள்கிறது. எங்கே கிளம்பினாலும், மில்லில் பச்சரிசி கொட்டும்போது, பல் தேய்க்கும்போது, சட்டைக்குப் பித்தான் போடும்போது, கடைசியில் இங்கே வந்து நிற்கிறது. ஐப்பசி மாசம், லோகு காலை ஷிப்டுக்குப் போனான். வழியில் நாய் குறுக்கே வந்தது என்றார்கள். லாரி இல்லை, பஸ் இல்லை, இடிக்க ஒருத்தனும் இல்லை, திட்டுவதற்குக்கூட ஆள் வைக்காமல் ஒரு நாய். வண்டிக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, கைப்பிடி கொஞ்சம் வளைந்திருந்தது. முதலில் போய்ப் பார்த்த கான்ஸ்டபிள் தெரிந்த பையன், "ஹெல்மெட்டு போட்டுத்தாண்ணே இருந்துருக்காப்ல, ஆனா அது அந்தாண்ட கெடந்துது" என்றான். அந்தாண்ட என்றால் வாய்க்கால் ஓரத்துப் புல்லில். தணிகாசலம் போய் எடுத்தார். பனி ஈரம் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. கடையில் வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தலையில் இருந்த பொருள் சும்மா இருக்க, தலைக்கு மட்டும் எப்படி. சந்தியில் நின்று ஊருக்கெல்லாம் அதைத்தானே சொன்னார், போட்டால் பிழைப்பாய், போடாவிட்டால் என்னோடு வருவாய் என்று. அவன் போட்டான். போட்டவன் எப்படிப் போனான். கணக்கு உதைக்கிறது. உதைக்கிற இடத்திலேயே நின்றுகொண்டு யோசித்தால் மண்டைக்குள் மில் ஓடுகிற சத்தம் வந்து நிறைந்துவிடும், அப்புறம் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் நிம்மதி என்றுகூடச் சொல்லலாம்.

கணக்கு உதைக்கிற இடத்தில் விடை சொன்னவன் ஒருத்தன் உண்டு. கனகாவின் தம்பி ஏகாம்பரம். கருமாதி அன்று பந்தலுக்குப் பின்னால், தண்ணி டிரம் பக்கத்தில் நின்று யாரிடமோ சொன்னான். பந்தல் துணிக்கு இந்தப் பக்கம் தணிகாசலம் இருந்தது அவனுக்குத் தெரியாது. "மூணு வருசமா எமன் வேசம் கட்டிக்கினு ரோட்ல நிக்கிறாரு. கூப்ட்டுக்கினே இருந்தா அவன் சும்மா இருப்பானா? வூட்டுக்குள்ளயே வந்துட்டான்." துணியில் ஒரு கிழிசல் இருந்தது, அது வழியாகப் பார்த்தார். ஏகாம்பரத்துக்கு எதிரே கனகா நின்றிருந்தாள், கையில் சாம்பார் வாளி. அப்படிச் சொல்லாதே என்று சொல்வாள் என்று காத்திருந்தார். ஆமாம் என்றாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் பேச்சு என்றால் உப்பு போதுமா, கரண்ட் போயிடுச்சு, கேஸ் வந்துச்சா. ராத்திரி அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், தூங்கவில்லை என்று மூச்சைக் கேட்டாலே தெரியும். அவளும் அப்படித்தான் நினைக்கிறாளா? கேட்டுவிடலாம். வாயைத் திறந்தால் ஒரு நிமிசம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்கே உட்காருவது, எந்தத் தட்டில் சாப்பிடுவது. அதனால் கேட்கவில்லை. ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், ஊருக்கு வாய் இருக்கிறது. கனகா ஒருத்தி அப்படி நினைக்காமல் இருந்தால் போதும், இந்த உலகத்தில் அவருக்கு வேண்டியது இப்போது அது ஒன்றுதான்.

அப்படியிருக்க, மறுபடி இந்த அங்கிக்குள் எதற்கு வந்து நுழைந்தார் என்று கேட்டால் காரணம் இரண்டு. எஸ்.ஐ.க்குச் சொன்ன சின்ன வாக்கியம் ஒரு காரணம். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தது, வந்து நின்று பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. வேசத்துக்கு அப்படி ஒரு சக்தி இருந்தால் இந்தத் தரம் அது யாரைக் கேட்கும், இவரைத்தான் கேட்க வேண்டும், கேட்கட்டும். கனகாவிடம் பந்தோபஸ்து டூட்டி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். முந்தைய வருசங்களில் வீட்டிலேயே வேசம் கட்டிக்கொண்டு தெருவே பார்க்க வருவார், இந்த வருசம் அங்கியும் கிரீடமும் ஸ்டேசனிலேயே இருந்தன. மறுபடி சிவப்பு. மறுபடி கயிறு. ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார், எனக்கு எமன் வேசம் காட்டறியா, நான் பாக்காத எமனா என்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹெல்மெட்டை மட்டும் கொடுத்தார். பக்கத்து வண்டியில் இரண்டு காலேஜ் பையன்கள், முன்னால் இருந்தவன் தலையில் ஹெல்மெட் இருந்தது. தாடைக்குக் கீழே கோக்க வேண்டிய வார் கோக்காமல் இரண்டு பக்கமும் தொங்கிற்று. பெண் காவலர் வந்து, "சூப்பர் தம்பி" என்று அவனுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். அவன் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான், வார் ஆடியது. அடுத்த வண்டியிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும். போலீஸ் தூரத்தில் தெரிந்ததும் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள், பூட்டிக்கொள்ள நேரம் ஏது. தலையில் இருந்தால் எமனுக்கு வேலையில்லை என்பது சட்டம். தணிகாசலம் ஆடுகிற வாரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதோ ஒன்று அவர் அறிவின் ஓரம் வரை வந்து தொட்டது. வந்ததை உள்ளே கூப்பிடத் தெம்பில்லை, அது திரும்பிப் போய்விட்டது.

எஸ்.ஐ. மைக்கில் பேச ஆரம்பித்தார், பின்னால் உட்காருபவர்களுக்கும் தலை உண்டு, அதுவும் தலைதான், பூ வைத்திருக்கிறேன் கொண்டை போட்டிருக்கிறேன் என்று சாக்குச் சொல்லாதீர்கள் அம்மா என்று. அப்போதுதான் ராணிப்பேட்டை ரோட்டிலிருந்து அந்தச் சிவப்பு வண்டி வந்து நின்றது. முதலில் வண்டி தெரிந்தது, அப்புறம் ஏகாம்பரம், அவன் தோளில் ஒரு கை, கையில் சாயம் போன கண்ணாடி வளையல். தணிகாசலத்துக்குப் பயம் வந்தது. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் உடம்பு தானாகவே ஒன்றைச் சொன்னது, அடிவயிற்றிலிருந்து சொன்னது, கால் பின்னால் போனது. எமன் ஒளிந்துகொள்ள இடம் தேடினார். அந்த உயரத்துக்கு, அந்த வயிற்றுக்கு, கிரீடத்தோடு எங்கே போய் ஒளிவது. பஸ்ஸுக்குப் பின்னால் நகரலாம் என்று ஓரடி வைத்தார். அதற்குள் எஸ்.ஐ., அவருக்குக் கனகாவைத் தெரியாது, உற்சாகமாக, "எமதர்மராஜா, அந்தச் செவப்பு வண்டியைக் கவனிங்க, பின்னாடி அம்மாவுக்கு ஹெல்மெட் இல்ல!" என்று மைக்கில் சொல்லிவிட்டார். சந்தியே சிவப்பு வண்டியைப் பார்த்தது. கனகா எமனைப் பார்த்தாள். நீலச் சாயத்துக்கு அடியில் இருப்பது யார் என்று கண்டுகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் நடந்தார். எப்படி நடந்தார் என்று கேட்டால் தெரியாது, கால் போயிற்று.

"இன்னா மாமா இது?" என்றான் ஏகாம்பரம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் கண் மட்டும் தெரிந்தது. "இந்த வருசமுமா? இன்னும் யாரை எடுத்துக்கினு போவணும் இந்த வேசத்துக்கு? அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுன்னு போன் வந்துது, அக்காவைக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறேன். வழிய உடுங்க."

"ஏகாம்பரம், நீ சும்மா இரு," என்றாள் கனகா.

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. உப்பு போதுமா என்று கேட்கிற குரல். தணிகாசலம் ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்தார். கொண்டை இடித்தது, கொஞ்சம் சாய்த்து வைத்து அழுத்தினார். இத்தனை மாசத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"உங்க வேசம் ஒண்ணும் பண்ணலை," என்றாள் கனகா. அவரைப் பார்க்காமல், அங்கியின் மார்பில் ஒட்டியிருந்த ஜிகினாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவன் அன்னிக்கி வாரை மாட்டாமலே போனான். ரெண்டு பக்கமும் தொங்கிக்கினு இருந்துது. நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

தணிகாசலத்துக்குக் காதில் ஹாரன் சத்தம் எல்லாம் நின்றுபோயிற்று.

"கூப்பிடறதுக்கு வாயைத் தொறந்துட்டேன். கெளம்பிப் போற புள்ளையைப் பின்னாலருந்து கூப்ட்டா போற காரியம் வெளங்காதே, ஆவாதேன்னு மூடிக்கினேன். தெரு முக்கு திரும்புற வரைக்கும் பாத்துக்கினேதான் நின்னேன். யார்கிட்ட சொல்றது இதை? உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் மனசு எங்கெங்கோ போயிற்று. சாம்பார் வாளியைக் கை மாற்றிப் பிடித்தவள், சுவரைப் பார்த்துப் படுத்தவள், அவரைக் குற்றம் சொல்கிறாள் என்று இத்தனை நாள் அவர் நினைத்த அந்த மௌனம் முழுக்க அவள் தன்னையே வைத்துப் பூட்டிக்கொண்ட அறையாக இருந்திருக்கிறது. உனக்கு ஒன்றும் தப்பில்லை கனகா என்று சொல்ல வேண்டும். ஊரில் எந்த அம்மாவும் அப்படித்தான் வாயை மூடிக்கொள்வாள், நானும் மூடிக்கொண்டிருப்பேன் என்று சொல்ல வேண்டும். மாரில் ஏதோ இளகி வலித்தது, நன்றாக வலித்தது. வாரின் இரண்டு முனைகளையும் தேடிக் கையை நீட்டினார். ஒரு முனை கைக்குச் சிக்காமல் நழுவிற்று. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. ஏகாம்பரம், "போற எடத்துல மாட்டிக்கலாம் மாமா, தள்ளுங்க," என்று கியரைப் போட்டான். வண்டி அவர் கைக்கு நடுவிலிருந்து நழுவிப் போயிற்று.

அவர் நடுரோட்டில் நின்றார். இரு பக்கமும் வண்டிகள் போயின. சிவப்பு வண்டி சந்தியைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கனகாவின் தலையில் அந்தப் புது ஹெல்மெட், இரண்டு வாரும் காற்றில் இரண்டு பக்கமும் ஆடின. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், அங்கே அவள் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், போகிற காரியம் நல்லபடியாக நடக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவருக்கும் தெரியும், அவர் அம்மா சொல்லி, அவள் அம்மா சொல்லி, பால் குடிக்கிற காலத்திலிருந்து தெரியும்.

"கனகா!" என்று கத்தினார். நடுச்சந்தியில், கிரீடத்தோடு, அடிவயிற்றிலிருந்து. "கனகா! வாரு! வாரை மாட்டு!"

ரோட்டில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கனகா திரும்பவில்லை. ஏகாம்பரத்தின் தோளிலிருந்து கையை எடுத்து, தாடைக்குக் கீழே கொண்டுபோனாள்.